பளபளப்பில் ஒளிந்திருக்கும் மீன் கண்

மாணவர்களே, உங்கள் வீட்டில் பழைய கப்சாய் மோட்டார் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்பா அதில்தான் செம்பனைத் தோட்டத்து வேலைக்குப் போகிறார். தஞ்சோங் காராங் சந்தைக்குப் போவதும், கோலசிலாங்கூர் மருத்துவமனைக்கு ஓடுவதும் அதில்தான். வெயில் பட்டுப் பட்டு அதன் சிவப்பு வெளுத்து விட்டது. தீபாவளிக்குள் புதுச் சாயம் அடித்துவிடலாம் என்று அண்ணன் கவர் செட்டைக் கழற்றிப் பட்டறையில் கொடுக்கிறார். இரண்டு மாதமாகச் சேர்த்த காசு.

பட்டறைக்காரர் மணல்தாள் போட்டுத் தேய்க்கிறார், துடைக்கிறார், ஸ்ப்ரே கன்னைப் பிடித்துச் சாயத்தை அடிக்கிறார். முதல் சில நொடிகள் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. பிறகு ஈரச் சாயத்தில் சின்னச் சின்ன வட்டங்கள் தானாகத் திறக்கின்றன. நடுவில் பழைய பரப்பு எட்டிப் பார்க்கிறது, சுற்றிலும் சாயம் வரப்புப் போல உயர்ந்து நிற்கிறது. பார்ப்பதற்கு மீன் கண்ணைப் போலவே இருக்கும். சாயம் அடிப்பவர்கள் இதை ‘ஃபிஷ் ஐ’ என்றே அழைக்கிறார்கள்.

அடுத்து வருவது சண்டை. “என்ன அண்ணே, மட்டமான சாயத்தை அடிச்சிட்டீங்களா?” என்று அண்ணன் கேட்பார். “தம்பி, சாயம் நல்ல சாயம்தான். உன் சாமான்லதான் ஏதோ இருக்கு” என்று பட்டறைக்காரர் சொல்வார். வெட்டிப்போன வேலைக்கு யார் காசு கொடுப்பது?

பெரும்பாலும் குற்றவாளி அந்த இருவருமே அல்லர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மோட்டாரைக் கழுவியபின் ஆசை ஆசையாக அடித்தோமே, அந்தப் பளபளப்பு ஸ்ப்ரேதான். டயருக்கும் நெகிழிக்கும் மினுமினுப்புத் தரும் இத்தகைய பாலிஷ்களில் பலவற்றில் சிலிகோன் எண்ணெய் இருக்கிறது.

அது எப்படிச் சாயத்தைத் துரத்துகிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு தட்டையான வெள்ளைப் பீங்கான் தட்டில் பால் சேர்க்காத ஆறிய தேநீரை ஊற்றுங்கள். மிக மெல்லிய படலமாக இருக்க வேண்டும். தட்டின் அடி மறைந்தால் போதும். அதன் நடுவில் கைகழுவும் ஆல்கஹால் திரவத்தில் ஒரு சொட்டு விடுங்கள் (கூழாக இருக்கும் வகை வேண்டாம், தண்ணீர் போன்றது வேண்டும், அடுப்பு அருகே செய்யாதீர்கள்). சொட்டு விழுந்த இடத்திலிருந்து தேநீர் நாலாபுறமும் விலகி ஓடும். நடுவில் வெறும் தட்டு தெரியும். கவர் செட்டில் தோன்றிய அதே வட்டம்!

காரணம் மேற்பரப்பு இழுவிசை. திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன. மேற்பரப்பில் இருப்பவற்றுக்கு மேலே பிடிக்க ஆள் இல்லை. அதனால் அந்தப் பரப்பு இழுத்துக் கட்டிய ரப்பர்த் தாளைப் போல நடந்துகொள்கிறது. தண்ணீருக்கு இந்த இழுவிசை மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். ஆல்கஹாலுக்கு ஏறக்குறைய 22 தான். ஒரே படலத்தில் ஓரிடம் பலவீனமாகவும் சுற்றிலும் பலமாகவும் இருந்தால் என்ன ஆகும்? கயிறு இழுக்கும் போட்டிதான். பலமான பக்கம் திரவத்தைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும். இந்த ஓட்டத்துக்கு 19ஆம் நூற்றாண்டு இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மாரங்கோனியின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

இப்போது பட்டறைக்குத் திரும்புவோம். சிலிகோன் எண்ணெயின் மேற்பரப்பு இழுவிசை ஏறக்குறைய 21. சாதாரணமாகச் சாயங்களுக்கு இது 25க்கு மேல், 30ஐ ஒட்டி இருக்கும். கவர் செட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிலிகோன் துளி, ஈரச் சாயத்தில் கலந்து மேலே வந்து பரவுகிறது. உடனே சுற்றியுள்ள சாயம் விலகி ஓடுகிறது. ஓடியது திரும்பி வந்து குழியை மூடுமா என்றால், அதுவும் இல்லை. ஒரு திரவம் ஒரு பரப்பில் நன்றாகப் பரவ வேண்டுமானால் அந்தப் பரப்பின் ஆற்றல் திரவத்தின் இழுவிசையைவிட அதிகமாக இருக்க வேண்டும். சிலிகோன் பூசிய இடத்தில் கணக்கு தலைகீழ். காலையில் நெல் வயலோரம் நடக்கும்போது இலை நுனியில் பனித்துளி உருண்டை உருண்டையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நெல் இலையில் இருப்பது சிலிகோன் அன்று, மெழுகும் நுண்ணிய மேடு பள்ளங்களும். ஆனால் ‘இங்கே பரவ மாட்டேன்’ என்று தண்ணீர் அடம்பிடிப்பதும் சாயம் அடம்பிடிப்பதும் ஒரே வகைதான்.

சிலிகோனுக்கு ஏன் இந்தக் குணம்? அதன் மூலக்கூறு ஒரு நீளச் சங்கிலி. சிலிக்கனும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்தது. ஒவ்வொரு சிலிக்கன் அணுவிலும் இரண்டு மெத்தில் தொகுதிகள் தொங்கும். சங்கிலி மிக எளிதாக வளைவதால், இந்த மெத்தில் தொகுதிகள் வெளிப்பக்கம் திரும்பிக் குடைபோல் மூடிக்கொள்கின்றன. மெத்திலோ யாரையும் வலுவாகப் பிடிக்காத ஆள். அதனால்தான் சிலிகோன் எண்ணெய் மழைநீரைத் தள்ளுகிறது, சட்டென்று பரவுகிறது, வெயிலையும் தாங்குகிறது. பாலிஷுக்கு நல்ல குணம் எதுவோ, அதுவேதான் சாயத்துக்குக் கெட்ட குணம்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பணியாற்றிய வேதியியல் பேராசிரியர் ஃபிரெடரிக் கிப்பிங்தான் இந்தப் பெயரைச் சூட்டியவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் இந்தச் சேர்மங்களை ஆராய்ந்தார். குடுவையில் பிசுபிசுப்பாகத் தங்கிய பொருள்கள் அவருக்குத் தொல்லையாகவே தோன்றின. 1937இல் ஆற்றிய உரையில்கூட இத்துறைக்குப் பெரிய எதிர்காலம் இருப்பதாக அவர் நம்பவில்லை. 1943இல் அமெரிக்காவில் டவ் கார்னிங் நிறுவனம் சிலிகோனுக்காகவே தொடங்கப்பட்டது. இன்று அது சமையலறை அச்சு முதல் தலைமுடிச் சீரம் வரை எங்கும் இருக்கிறது. களைக்கொல்லி மருந்து இலையில் உருண்டு விழாமல் பரவுவதற்காகச் சேர்க்கும் சில திரவங்களும் இதே குடும்பம்தான்.

“ஒரு தடவை துடைத்தாகிவிட்டதே, கொஞ்சம் மிச்சமிருந்தால் என்ன?” என்று கேட்கலாம். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் லண்டனில் உள்ள கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டார். அது ஏறக்குறைய அரை ஏக்கர் பரப்புக்குப் பரவியது. 1774இல் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். தேக்கரண்டி 5 மில்லிலிட்டர், அரை ஏக்கர் சுமார் 2,000 சதுர மீட்டர். கொள்ளளவைப் பரப்பால் வகுத்தால் படலத்தின் தடிமன் கிடைக்கும்: 2.5 நானோமீட்டர், அதாவது ஒன்றிரண்டு மூலக்கூறுகளின் உயரம். அது வேறு எண்ணெய், தண்ணீர் மேல் பரவியது. என்றாலும் எண்ணெய்ப் படலம் எவ்வளவு மெலிய முடியும் என்பது புரிகிறது அல்லவா? கண்ணும் விரலும் இதைக் கண்டுபிடிக்காது.

அதோடு ஸ்ப்ரே காற்றில் மிதக்கும். பட்டறை வாசலில் ஒருவர் டயருக்குப் பளபளப்பு அடித்தால், பின்பக்கம் காய்ந்துகொண்டிருக்கும் வேறொருவர் கவர் செட்டில் அது போய் விழலாம். டயர் துடைத்த துணியால் கவர் செட்டைத் துடைத்தாலும் அதே கதி. கார் தொழிற்சாலைகளின் சாயப் பிரிவில் வேலை செய்பவர்களிடம் சிலிகோன் கலந்த முடி ஜெல், வாசனைத் திரவியம் போன்றவற்றைப் பூசிவர வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. தலைவாரிக்கொண்டு வந்ததற்காகவா கார் கெட்டுவிடும் என்று சிரிக்காதீர்கள், கெடும்.

நம் கதையில் பட்டறைக்காரர் எங்கே சறுக்கினார் என்று கவனித்தீர்களா? முதலில் மணல்தாள் போட்டார். எண்ணெய் இருக்கும்போதே தேய்த்தால் அது போகாது. மணல்தாள் போட்ட நுண்ணிய கீறல்களுக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்துவிடும். ஆகவே வரிசை மாற வேண்டும். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் கழுவி மண்ணையும் அழுக்கையும் போக்குவது. காய்ந்தபின், கடையில் விற்கும் மெழுகு-எண்ணெய் நீக்கியைத் துணியில் நனைத்துத் துடைத்து, அது காயும் முன்பே இன்னொரு சுத்தமான துணியால் எடுத்துவிடுவது. காயவிட்டால் கரைந்த சிலிகோன் மறுபடி அங்கேயே படியும். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும், இல்லையென்றால் ஓரிடத்துச் சிலிகோனை எல்லா இடத்துக்கும் பரப்பிய புண்ணியம் நமக்கு. அதற்குப் பிறகுதான் மணல்தாள், தண்ணீர் விட்டு. பிறகு இன்னொரு முறை சுத்தம்.

கரைப்பானைத் தேர்ந்தெடுப்பதிலும் வேதியியல் இருக்கிறது. தண்ணீரில் சிலிகோன் கரையாது. ஆல்கஹாலிலும் சரியாகக் கரையாது. பெட்ரோலிய வகைக் கரைப்பான்களில் கரையும். ஒத்தது ஒத்ததைக் கரைக்கும் என்று படித்திருப்பீர்கள். சிலர் அவசரத்தில் கடுமையான தின்னரையோ அசிட்டோனையோ ஊற்றித் துடைக்கிறார்கள். இது ஆபத்து. ஏனென்றால் கவர் செட்டுகள் பலவும் ஏ.பி.எஸ். எனும் நெகிழியால் ஆனவை. அசிட்டோன் ஏ.பி.எஸ்.ஸையே கரைத்துவிடும். சிலிகோனோடு கவர் செட்டும் போய்விடும்!

பாகத்தின் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அது எந்த நெகிழி என்பதைக் காட்டும் எழுத்துகள் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். ஏ.பி.எஸ். என்றால் அதன் பரப்பு ஆற்றல் ஏறக்குறைய 40. சுத்தமாக இருந்தால் சாயம் நன்றாகப் பிடிக்கும். பி.பி. என்று இருந்தால் அது பாலிபுரொப்பிலீன், ஏறக்குறைய 30 தான். சிலிகோனே படாவிட்டாலும் அதில் சாயம் எளிதில் ஒட்டாது. நெகிழிக்கென்றே உள்ள பிரைமர் முதலில் வேண்டும். கப்சாயின் மூதாதையான ஹொண்டா சூப்பர் கப் 1958இல் வந்தபோதே அதன் கால் கவசம் நெகிழியால்தான் செய்யப்பட்டது, அதுவும் பாலிபுரொப்பிலீனின் உறவான பாலிஎதிலீனால். அச்சில் வார்க்கும்போதே நிறம் கலந்துவிடலாம் என்பது இந்த வகை நெகிழிகளின் வசதி. மேலே சாயம் அடிக்க வந்தால்தான் தொல்லை.

சுத்தமாகிவிட்டதா என்று சோதிக்கத் தண்ணீரே போதும். மணல்தாள் போட்டுச் சுத்தம் செய்த பழைய சாயத்தின் மேலோ ஏ.பி.எஸ். மேலோ தண்ணீர் ஊற்றினால் அது ஒரே விரிப்பாக வழிய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் விலகி முத்து முத்தாக நின்றால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. பாலிபுரொப்பிலீனில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. அதில் இயல்பாகவே தண்ணீர் முத்தாகத்தான் நிற்கும்.

ஏற்கெனவே மீன் கண் விழுந்துவிட்டால்? ஈரத்தின் மேலேயே இன்னும் சாயத்தை அடித்துக் குழியை நிரப்பப் பார்ப்பார்கள். நிரம்பாது, புதுச் சாயமும் ஓடும். நன்றாகக் காயவிட்டு, தேய்த்து, மறுபடி சுத்தம் செய்து தொடங்குவதே வழி. சாயத்தில் சில துளிகள் கலந்தால் மீன் கண் வராது என்று ஒரு திரவமும் விற்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? பல வகைகளில் அதே சிலிகோன்தான்! முழுச் சாயத்தின் இழுவிசையையும் தாழ்த்திவிட்டால் இழுபறிக்கு வேலையில்லை என்பது அதன் தந்திரம். அந்த நேரத்துக்குப் பலிக்கும். ஆனால் ஸ்ப்ரே கன்னிலும் பட்டறைக் காற்றிலும் சிலிகோன் சேரும், அடுத்து வருபவரின் கவர் செட் மாட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால் அது வேண்டாம்.

தேநீர்த் தட்டுச் சோதனையை நீங்களே செய்யலாம். தின்னரும் ஸ்ப்ரேயும் வேறு விஷயம். அவற்றின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், மூச்சுக்கும் கெடுதல். அனுபவமுள்ள பெரியவர்கள் காற்றோட்டமான இடத்தில் முகக்கவசத்தோடு செய்யட்டும். உங்கள் பங்குக்கு, அண்ணன் கவர் செட்டைக் கழற்றும்போது, “இதுக்கு மேல டயர் ஷைன் அடிச்சிருக்கோம்ணே, பட்டறையில சொல்லிடுங்க” என்று ஞாபகப்படுத்துங்கள். பட்டறைக்காரர் முதலில் மணல்தாளைத் தேடாமல் சுத்தமான துணியைத் தேடுவார்.