மீன் தொட்டிக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றலாமா?

போர் தண்ணீரில் மீன் வளர்க்கிற திருவண்ணாமலைக்காரர்களுக்கு அந்த வெள்ளைக் கோடு நன்றாகத் தெரியும். தொட்டிக் கண்ணாடியில் தண்ணீர் மட்டம் நிற்கிற இடத்தில் படியும். தேய்த்தாலும் லேசில் போகாது. இங்கே பூமிக்கடியில் இருப்பது கடினப் பாறை. அதன் இடுக்குகளில் தேங்கி, சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிற தண்ணீரின் அடையாளம் அது.

‘சமையலறையில்தான் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே, அதையே பிடித்து ஊற்றிவிடலாம்’ என்று தோன்றும். மீன்கள் சாவது பெரும்பாலும் அப்படி ஊற்றும்போதுதான்.

ஆர்.ஓ. சவ்வு, கரைந்த உப்புகளில் 90 சதவிகிதத்துக்கு மேல் வடிகட்டிவிடும். மீனுக்குத் தேவையான கால்சியமும், தண்ணீரின் பி.ஹெச். அளவைத் தாங்கிப் பிடிக்கிற கார்பனேட்டும் அதோடு போய்விடும். அப்புறம் மீன் கழிவு சேரச் சேர, பி.ஹெச். திடீரென்று சரியும். உப்புத் தண்ணீருக்குப் பழகிய மீனை ஒரே நாளில் வெறும் ஆர்.ஓ. தண்ணீருக்கு மாற்றினால், அதன் உடம்பு தாங்காது.

கலந்து ஊற்றுவதுதான் சரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் 900, ஆர்.ஓ. தண்ணீர் 30 காட்டுகிறதா? ஒரு குடம் போருக்கு மூன்று குடம் ஆர்.ஓ. கலந்தால் சுமார் 250 வரும். அதையும் ஒரேயடியாக மாற்றாமல், வாரம் பத்து, பதினைந்து சதவிகிதம் என்று மாற்றுங்கள்.

எல்லா மீனுக்கும் இந்தப் பாடு தேவையில்லை. கப்பி, மோலி, தங்கமீன் எல்லாம் கடினத் தண்ணீரிலேயே சந்தோஷமாக வாழும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி சிக்லிட்டுக்கு அதுதான் சொந்த ஊர் தண்ணீர் மாதிரி. அமேசான் பக்கத்து டிஸ்கஸ், நியான் டெட்ராவுக்குத்தான் மென்மையான தண்ணீர் வேண்டும்.

ஆனால் எந்தத் தொட்டிக்கும் ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்காமல் ஊற்றுகிற ஓர் இடம் உண்டு. கத்திரி வெயிலில் தொட்டியில் குறைவது தண்ணீர் மட்டும்தான். உப்பு அப்படியே தங்கிவிடும். அந்தக் குறையைப் போர் தண்ணீரால் நிரப்பினால், உப்பு ஏறிக்கொண்டே போகும். ஆவியான அளவுக்கு மட்டும் ஆர்.ஓ. ஊற்றுங்கள்.

மெஷினையும் கொஞ்சம் பாருங்கள். ‘காப்பர்’ சேர்க்கும் மாடல் என்றால், அந்தத் தண்ணீரை இறால், நத்தை இருக்கும் தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். தாமிரம் அவற்றுக்கு விஷம். வண்டல் வடிகட்டியை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மாற்றுங்கள். கலங்கலான தண்ணீர் என்றால் இன்னும் சீக்கிரம். கார்பன் வடிகட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் சவ்வை அரித்துவிடாமல் காப்பது அதுதான். உள்ளே போகிற தண்ணீர், வெளியே வருகிற தண்ணீர் இரண்டின் டி.டி.எஸ்ஸையும் மாதம் ஒருமுறை காலண்டரில் குறித்து வையுங்கள். வெளியே வருவது, உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டிக்கொண்டே போனால், சவ்வு தேய்ந்துவிட்டது. டி.டி.எஸ். கன்ட்ரோலர் உள்ள மெஷினுக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது; அது கொஞ்சம் பச்சைத் தண்ணீரைக் கலந்தே தரும்.

வீட்டு மெஷின்களில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு, சுமார் மூன்று குடம் கழிவாக வெளியேறுகிறது. டி.டி.எஸ். 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வே கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் சொன்னதற்கு இந்த விரயமும் ஒரு காரணம். அந்தக் குழாயை ஒரு டிரம்மில் விடுங்கள். வாசல் கழுவ, கழிவறைக்கு ஊற்ற ஆகும். செடிகளுக்குத் தினமும் ஊற்றினால் மண் உப்பாகிவிடும். மீன் தொட்டியில் மாற்றி எடுக்கிற பழைய தண்ணீரைக் கொடுங்கள், ரோஜா செழிக்கும்.