லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்

2005-ல் வந்த பி.எம்.டபிள்யூ எம்5 காரை ஸ்டார்ட் செய்தால் முதலில் 400 குதிரைத்திறன்தான் கிடைக்கும். மீதி 107-ஐ ஒரு பொத்தானை அழுத்தித்தான் வரவழைக்க வேண்டும். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வர 400 போதும் என்று நினைத்துச் செய்த கார் அது. நான்கு கதவு, ஐந்து பேர் உட்கார இடம், பெட்டிகளை அடுக்கப் பெரிய டிக்கி. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஒரு டாக்டரோ கம்பெனி மேனேஜரோ ஓட்டிப்போகும் சாதாரண 5 சீரிஸ் செடான். பானெட்டைத் திறந்தால் 5 லிட்டர் வி10 இன்ஜின். பி.எம்.டபிள்யூ தன் ஃபார்முலா 1 இன்ஜின் பிளாக்குகளை வார்த்த லாண்ட்ஸ்ஹூட் வார்ப்பாலையிலேயே இதன் பிளாக்கும் வார்க்கப்பட்டது. பத்து சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பத்து த்ராட்டில். நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை ஏறும். அந்த உச்சத்தில் அது எழுப்பிய ஓலத்துக்கு ஈடாக நான்கு கதவுக் கார்களில் வேறொன்றை என்னால் சொல்ல முடியாது.

மைலேஜ் எவ்வளவு? நம் ஊரில் கார் என்றதும் வரும் முதல் கேள்வி. ஐரோப்பியச் சோதனைக் கணக்குப்படி 100 கிலோமீட்டருக்கு 14.8 லிட்டர். லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர்கூட இல்லை. ஜெர்மனியின் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் அழுத்தி ஓட்டினால் இதுவும் கிடைக்காது. 70 லிட்டர் டேங்க் கண்ணெதிரே வற்றும். கிலோமீட்டருக்கு 357 கிராம் கரியமில வாயு. இந்த எண்கள் எல்லாம் நிறுவனமே அச்சிட்ட விவரத்தாளில் இருந்தவை.

அதே பெயரில் 2024-ல் வந்த ஏழாம் தலைமுறை எம்5-இன் விவரத்தாளைப் பாருங்கள். 727 குதிரைத்திறன். ஆனால் 100 கிலோமீட்டருக்கு 2 லிட்டர்கூடச் செலவில்லை. கரியமில வாயு 40 கிராமுக்கும் கீழே. எடை 2,435 கிலோ. இருபது ஆண்டுகளில் பலம் கூடியிருக்கிறது, தாகம் எட்டில் ஒரு பங்காகியிருக்கிறது என்கிறது தாள். இதில் எடையைப் பற்றிய எண்ணைத் தவிர வேறெதையும் என்னால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியவில்லை. அந்தப் பலம்கூட இந்த எடையைச் சுமக்கவே பெருமளவு செலவாகிறது.

இந்த வகைக் கார்களின் கதை மெர்சிடீஸில் தொடங்குகிறது. எரிக் வாக்ஸன்பெர்கர் என்ற பொறியாளர், நாட்டுத் தலைவர்கள் பயணிக்கும் 600 மாடலின் 6.3 லிட்டர் வி8 இன்ஜினை, மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமல், அதைவிடச் சிறிய எஸ்-கிளாஸ் உடலுக்குள் இறக்கினார். அது 1968-ல் 300 எஸ்.இ.எல் 6.3 என்ற பெயரில் ஜெனீவா கண்காட்சிக்கு வந்தது. 250 குதிரைத்திறன். நீண்ட, கண்ணியமான குடும்பக் கார் ஒன்று விளையாட்டுக் கார்களைத் தாண்டிப் போனது அன்றைக்குப் புதுமை. 6,500-க்கும் மேல் விற்றது. மெர்சிடீஸிலிருந்து வெளியேறி ஏ.எம்.ஜி என்ற நிறுவனத்தைத் தொடங்கிய ஆஃப்ரெக்ட்டும் மெல்ஹரும் அதே காரை 6.8 லிட்டராகப் பெருக்கி, 1971-ல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டவைத்து இரண்டாம் இடம் பிடித்தார்கள்.

1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தது. மேற்கு ஜெர்மனி நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை விதித்தது. ஆட்டோபானிலும் தற்காலிகமாக 100 கிலோமீட்டர் வரம்பு. அடுத்து வரவிருந்த 6.9 லிட்டர் மெர்சிடீஸ் தள்ளிப்போடப்பட்டது. ஆனால் கைவிடப்படவில்லை, 1975-ல் வந்தே விட்டது. பெட்ரோல் விலை ஏறினால் இந்தக் கார்கள் கொஞ்சம் பதுங்கும், இறங்கினால் திரும்ப வரும். வாங்குபவருக்கு பெட்ரோல் பில் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் விலையால் செய்ய முடியாததைப் பின்னாளில் சட்டம் செய்ய வேண்டியிருந்தது.

பி.எம்.டபிள்யூவின் முதல் எம்5 1985-ல் வந்தது. எம்1 விளையாட்டுக் காரிலிருந்து பிறந்த 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர் இன்ஜின், 286 குதிரைத்திறன், எடை சுமார் 1,430 கிலோ. மொத்தமே ஏறத்தாழ 2,200 கார்கள்தான். இன்றைய எம்5 அதைவிட ஒரு டன் கனம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1998-ல் வந்த வி8 எம்5 400 குதிரைத்திறனைத் தொட்டது. இதற்கிடையில் ஜெர்மன் நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிவைத்து, உச்ச வேகத்தை 250 கிலோமீட்டரில் மின்னணுப் பூட்டுப் போட்டு நிறுத்தின. வேகத்துக்கு வாய்வழி ஒப்பந்தம் இருந்தது. தாகத்துக்கு எதுவும் இல்லை.

அந்த நாட்களின் ருசியை அறிய நூர்பர்க்ரிங் போயிருக்க வேண்டும். ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பழைய பந்தயப் பாதையில் எம்5 ஒரு டாக்ஸியாகவே ஓடியது. பணம் கட்டினால் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்ளலாம். அந்தப் பாதை இருக்கும் மலைப்பகுதியிலேயே பிறந்து வளர்ந்த சபீன ஷ்மிட்ஸ் என்ற பந்தய வீராங்கனை, பேசிக்கொண்டே அந்தச் செடானை வளைவுகளில் வீசி ஓட்டியதில் உலகப் புகழ் பெற்றார். 2021-ல் அவர் மறைந்தார். செடான் என்றால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அவர் ஓட்டிக் காட்டியதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இனி சட்டம். காற்றைக் கெடுக்கும் நச்சுகளுக்கான யூரோ வரம்புகள் 1992 முதலே இருந்தன, இந்தியாவின் பி.எஸ்-6 யூரோ 6-ஐ ஒட்டியதே. அவை வி8-ஐயும் வி10-ஐயும் கொல்லவில்லை. நல்ல கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருந்தால் எவ்வளவு பெரிய இன்ஜினும் தேறிவிடும். கரியமில வாயு அப்படியல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோவுக்கு மேல் வந்தே தீரும். வடிகட்டிப் பிடிக்க வழியில்லை. அதைக் குறைக்க ஒரே வழி குறைவாக எரிப்பது.

சராசரியாகக் கிலோமீட்டருக்கு 140 கிராமுக்கு இறங்குவோம் என்று 1998-ல் நிறுவனங்கள் தாங்களாகவே வாக்குக் கொடுத்தன. 2008 கெடு. எட்டவில்லை. எனவே ஐரோப்பிய ஒன்றியம் 2009-ல் சட்டம் போட்டது: ஒரு நிறுவனம் விற்கும் புதிய கார்களின் சராசரி 2015-க்குள் 130 கிராம், அடுத்த கட்டமாக 95 கிராம். மீறினால், 2019 முதல், மிஞ்சும் ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். பத்து லட்சம் கார் விற்கும் நிறுவனம் ஒரே ஒரு கிராம் தவறினால் ஒன்பதரைக் கோடி யூரோ. இப்படி ஒரு கணக்கு எழுதப்பட்ட பிறகு 357 கிராம் கார் என்பது அதை வாங்கியவரின் சொந்த விஷயமாக இருக்க முடியாது. அதன் சுமையை ஈடுகட்ட அதே நிறுவனம் எத்தனையோ சிறிய கார்களை விற்றாக வேண்டும்.

இந்தச் சட்டம் வந்தது சரி என்றே நினைக்கிறேன். வி10-இன் ஓசையை நேசிக்கிற நான் இதை மனதாரச் சொல்கிறேன். அந்த எம்5-ஐ ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஐந்து டன்னுக்கு மேல் கரியமில வாயு. ஒருவருடைய மகிழ்ச்சிக்காக எல்லோருடைய வானமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை. என் வருத்தம் சட்டம் எதை அளந்தது, எதை அளக்காமல் விட்டது என்பதில்தான்.

முதல் மாற்றம் டர்போ. 2011 எம்5-இல் வி10 போய், இரட்டை டர்போ பொருத்திய 4.4 லிட்டர் வி8 வந்தது. 560 குதிரைத்திறன், அறிவித்த கரியமில வாயு 232 கிராம். பலம் கூடி, வாயு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல பொறியியல்தான். ஆனால் அன்றைய சோதனை, ஆய்வகத்தில் 20 நிமிடம், 11 கிலோமீட்டர், சராசரி வேகம் 34 கிலோமீட்டர் என்ற மென்மையான ஓட்டம். அதில் டர்போவுக்கு அதிக வேலையே இல்லை. சாலையில் கால் அழுந்தும்போது அதே டர்போ கேட்டதைக் குடித்தது. எம்5 மட்டுமல்ல, எல்லா வகைக் கார்களிலும் ஆய்வகத்துக்கும் சாலைக்கும் இடையிலான இடைவெளி 2001-ல் 10 சதவீதத்துக்கும் கீழே இருந்து, 2015 வாக்கில் 40 சதவீதமாக விரிந்தது. டர்போ ஓசையை விழுங்கியதால், இன்ஜின் சத்தத்தைச் செயற்கையாக உருவாக்கி ஸ்பீக்கர் வழியே காருக்குள் ஒலிக்கவிட்டார்கள். காருக்குள் பொய் நுழைந்த இடம் என்று நான் குறிப்பது அதைத்தான்.

பிறகு அடிகள் வரிசையாக விழுந்தன. 2017 முதல் கடுமையான புதிய சோதனை முறை. கூடவே, பெட்ரோல் இன்ஜினின் நுண்துகள்களுக்கும் இறுகிய வரம்பு. சைலன்சர் பாதையில் வடிகட்டி வைத்தாக வேண்டிய நிலை. அதைப் பொருத்தி மறுபடி சான்று வாங்குவதைவிட நிறுத்துவதே மேல் என்று பி.எம்.டபிள்யூ 2018-ல் அப்போதைய எம்3 செடான் உற்பத்தியை முடித்துக்கொண்டது. ஓசைக்கு டெசிபல் வரம்பு கட்டம் கட்டமாக இறங்கியது. பிரான்சில் 2024-ல் 193 கிராமைத் தாண்டிய புதிய காருக்குப் பதிவு செய்யும்போதே 60,000 யூரோ அபராத வரி. பவேரியாவின் புக்லோவே என்ற சிற்றூரில் 1960-களிலிருந்து பி.எம்.டபிள்யூ கார்களை மேம்படுத்தித் தன் பெயரில் விற்றுவந்த ஆல்பினா என்ற குடும்ப நிறுவனம், 2022-ல் தன் பெயரை பி.எம்.டபிள்யூவுக்கே விற்றது. மின்மயமாதலும் புகை, மென்பொருள் சான்றுகளின் செலவும் சிறிய நிறுவனத்துக்குத் தாங்காது என்பதுதான் சொல்லப்பட்ட காரணம்.

மெர்சிடீஸ் சி63-க்கு நடந்ததுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது. 2008-ல் வந்த சி63, சின்ன செடானுக்குள் 6.2 லிட்டர் வி8. 1968-இன் அந்தப் பழைய 6.3-க்கு மரியாதையாகவே ‘63’ என்ற எண். அஃபால்டர்பாக் ஊரில் ஒரே தொழிலாளி ஒரு இன்ஜினை முழுவதுமாகக் கோத்து, அதன்மேல் தன் கையெழுத்துத் தகடைப் பதிப்பார். 2022-ல் அதே 63 எண்ணோடு வந்த காருக்குள் இருந்தது 2 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜின், கூடவே மின்மோட்டார். கையெழுத்து இருக்கிறது. 680 குதிரைத்திறன் இருக்கிறது. மின்சாரத்தில் மட்டும் ஓடினால் 13 கிலோமீட்டர். எடை இரண்டு டன்னைத் தாண்டியது. உலகத்திலேயே வலுவான நான்கு சிலிண்டர் இன்ஜின்களில் ஒன்று அது. செய்தவர்களின் திறமையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் பழைய சி63 வாங்கியவர்களில் பலர் இதன் பக்கம் திரும்பவில்லை.

இப்போது 2024 எம்5-இன் அந்த 2 லிட்டர்கூட இல்லாத செலவுக் கணக்குக்கு வருகிறேன். அந்தக் காரில் இன்னும் 4.4 லிட்டர் வி8 இருக்கிறது. சேர்த்திருப்பது பேட்டரியும் மோட்டாரும். மின்சாரத்தில் 60 கிலோமீட்டருக்கு மேல் போகும். சார்ஜ் ஏற்றக்கூடிய ஹைப்ரிட் கார்களைச் சோதிக்கும்போது, உரிமையாளர் தினமும் வீட்டில் சார்ஜ் ஏற்றி, பெரும்பாலான தூரத்தை மின்சாரத்திலேயே ஓடுவார் என்று சட்டம் வைத்துக்கொள்கிறது. பேட்டரி தூரம் கூடக்கூட அந்த அனுமானமும் தாராளமாகிறது. உண்மை என்ன? 2021 முதல் ஐரோப்பாவின் புதிய கார் ஒவ்வொன்றிலும் உண்மையான எரிபொருள் செலவைப் பதியும் கருவி இருக்கிறது. அந்தப் பதிவுகளைத் தொகுத்து ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இந்த வகை ஹைப்ரிட்கள் சாலையில் விடும் கரியமில வாயு, சான்றிதழில் இருப்பதைப்போல மூன்றரை மடங்கு. பேட்டரி காலியானதும் இரண்டரை டன்னை இழுப்பது அந்தப் பழைய வி8-தானே.

எடையைச் சட்டம் 2024 வரை கண்டிக்கவே இல்லை. 2009 சட்டத்தில், ஒரு நிறுவனத்தின் கார்கள் சராசரியாக 100 கிலோ கனமானால் அதற்கு அனுமதித்த அளவு நாலரை கிராம் உயர்ந்தது. 2020 முதல் 2024 வரை இது 3.3 கிராம். இலேசான காரைச் செய்தவருக்கு அதற்கேற்ற நன்மை கிடைக்கவில்லை. செடான்களின் இடத்தை எஸ்.யூ.வி-கள் பிடிக்கவும் இது துணைபோனது. எம்5-ஐச் செய்யும் இதே பி.எம்.டபிள்யூ எம் பிரிவு 2022-ல் தனக்கென்றே செய்த எக்ஸ்.எம், 2.7 டன் எடையுள்ள ஹைப்ரிட் எஸ்.யூ.வி. 1,430 கிலோ எடையும் ஆறு சிலிண்டரும் கொண்ட ஒரு செடானை இன்றைய நுட்பத்தில் செய்தால் எவ்வளவு குறைவாகக் குடிக்கும்! அப்படி ஒன்றைச் செய்ய யாரையும் தூண்டாத ஒரு சட்டத்தின் கீழ் பதினைந்து ஆண்டுகள் போய்விட்டன.

அனுமானத்தைத் திருத்தும் வேலை தொடங்கியிருக்கிறது. 2025 முதல் புதிய மாடல்களுக்கு, மின்சாரத்தில் ஓடும் பங்கு குறைவாகக் கணக்கிடப்படுகிறது. 2027-ல் இன்னொரு திருத்தம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அது அமலானால் இதே கார்களின் எண், ஒரு போல்ட்கூட மாறாமல், உண்மைக்கு அருகே ஏறும். அந்த இரண்டாம் திருத்தத்தை நிறுத்தச் சொல்லி வாகன நிறுவனங்களின் சங்கம் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு இணங்கக் கூடாது. 14.8 என்று தாளில் அச்சிட்டுக் காரை விற்ற நிறுவனத்துக்கு, இன்று ஓடுகிற காரின் உண்மையான எண்ணையும் அச்சிடத் தெரியும்.