அக்கார்டியன் சுருதி பிசகுதா? முதல்ல சுரண்டியைக் கவனிங்க!

பழைய சினிமாப் பாட்டுகளில் துள்ளலாக வந்துபோகும் அக்கார்டியன் இசையை மறக்க முடியுமா? நெஞ்சோடு அணைத்து, துருத்தியை இழுத்து மூடி வாசிக்கும் அந்தப் பெட்டி சில வருடங்கள் பரணில் கிடந்தால் அபஸ்வரம் பேச ஆரம்பித்துவிடும். அதைச் சரிசெய்ய உள்ளங்கையில் அடங்கும் நான்கு கருவிகள் போதும். ஆனால், கருவி தவறினால் ரீடே போய்விடும்!

உள்ளே என்ன இருக்கிறது?

1829-ல் வியன்னாவில் சிரில் டெமியான் அக்கார்டியனுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை அடிப்படை ஒன்றுதான். உலோகத் தகட்டில் நீளமான ஒரு துவாரம். அதன்மேல் ஒரு முனை மட்டும் ரிவெட் அடிக்கப்பட்ட எஃகு நாக்கு. காற்றில் நாக்கு அதிர, ஸ்வரம் பிறக்கும். 41 கீ, ஒவ்வொன்றுக்கும் 4 குரல், துருத்தியை இழுக்க ஒரு நாக்கு, தள்ள ஒரு நாக்கு என்று பெரிய அக்கார்டியனின் வலப்பக்கத்தில் மட்டும் 328 நாக்குகள்!

நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். ரிவெட் பக்கம் சுரண்டினால் இறங்கும். அளவு மீறினால் எதிர்ப்பக்கத்தைச் சுரண்டித்தான் ஈடுகட்ட வேண்டும். இப்படியே மாறி மாறிச் சுரண்டினால் நாக்கு மெலிந்து ஒருநாள் ஒடிந்துவிடும்.

தேவையான நான்கு கருவிகள்

சுரண்டி: ஆர்மோனிய ரீடு பித்தளை, எளிதில் சுரண்ட வரும். அக்கார்டியன் நாக்கு ஸ்பிரிங் எஃகு. அதைவிடக் கடினமான முனை வேண்டும். தேய்ந்த ஊசி அரத்தின் நுனியைச் சாணைபிடித்து உளிபோல் ஆக்கி, மரப்பிடி போட்டால் போதும். சாணைபிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்க்க வேண்டும். நுனி நீலமாக மாறினால் கடினத்தன்மை போய்விட்டது என்று அர்த்தம். மழுங்கிய சுரண்டியை அழுத்தும்போதுதான் கை வழுக்கி, நாக்கில் பள்ளம் விழும்.

தாங்கு தகடு: பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ்தான் இது. அதிலுள்ள 0.10 மி.மீ. போன்ற மெல்லிய தகட்டை நாக்கின் அடியில் செருகினால், சுரண்டும்போது நாக்கு வளையாது.

கொக்கி: தகட்டின் உட்பக்க நாக்கைத் துவாரத்தின் வழியாக வெளியே தூக்க உதவும். மெல்லிய எஃகுத் தகட்டின் நுனியை லேசாக வளைத்துச் செய்யலாம். வெளியே மூடியிருக்கும் தோல் பட்டையை மெதுவாக ஒதுக்க வேண்டும்.

மென்மையான பிரஷ்: முதலில் எடுக்க வேண்டியது இதைத்தான். நுனியில் தூசு ஒட்டியிருந்தாலே சுருதி இறங்கும். துடைத்தவுடன் சரியாகிவிட்டால் சுரண்டவே வேண்டாம்!

கவனம்!

நாக்கின் நீளவாக்கில் மட்டும் சுரண்ட வேண்டும். குறுக்குக் கீறல்தான் பின்னால் விரிசலாகும். இரண்டு மூன்று சுரண்டலுக்கு ஒருமுறை ரீடை அதன் இடத்தில் வைத்து, காற்று கொடுத்து ட்யூனரில் பார்க்க வேண்டும்.

இன்னொரு விஷயம்... ஒரே ஸ்வரத்துக்கான இரண்டு நாக்குகள் 440, 442 ஹெர்ட்ஸ் என்று காட்டினால் பதற வேண்டாம். அந்த வித்தியாசம்தான் விநாடிக்கு 2 அலைகளாக நம் காதில் விழும். அக்கார்டியனின் அழகான நடுக்கமே அதுதான். பிழை என்று நினைத்து அதைச் 'சரிசெய்து'விட்டால், பெட்டி இருக்கும்; அந்தப் பழைய குரல் இருக்காது.

எனவே, முதல் சுரண்டலைக் கழித்துப்போட்ட ஒரு ரீடில் பழகிக்கொள்வதே நல்லது!