7.5 மில்லிலிட்டரா, 75 மில்லிலிட்டரா?

மாணவர்களே, பேனாவை எடுங்கள். முதலில் ஒரு கணக்கு.

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்திலிருந்து சற்று நடந்தால், புக்கிட் தீமா சாலையில் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையைக் காணலாம். அப்படிப்பட்ட ஒரு மருத்துவமனையில் 12 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் பாராசிட்டமால் கொடுக்கச் சொல்கிறார் மருத்துவர். போத்தலில் இருப்பதோ 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் மருந்து. தாதி எவ்வளவு ஊற்ற வேண்டும்?

12 × 15 = 180 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் 24 மில்லிகிராம். ஆகவே, 180 ÷ 24 = 7.5 மில்லிலிட்டர்.

உங்கள் தேர்வுத்தாளில் தசமப்புள்ளி விடுபட்டால் ஒரு மதிப்பெண் போகும். இங்கே விடுபட்டால் 75 மில்லிலிட்டர்! பத்து மடங்கு மருந்து குழந்தையின் கல்லீரலையே பாதிக்கலாம்.

சிங்கப்பூரில் தாதியாகப் பணியாற்ற, சிங்கப்பூர் தாதியர் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பயின்று வருவோருக்கு வாரியம் உரிமத் தேர்வும் நடத்துகிறது. இத்தகைய தேர்வுகள் மனப்பாடத்தை மட்டுமன்றி, பாதுகாப்பான முடிவெடுக்கும் திறனையும் சோதிக்கக்கூடும்.

இதோ, அந்த வகையில் இன்னொரு கேள்வி. நான்கு நோயாளிகள். ஒருவர் அறுவை சிகிச்சைக் காயம் வலிப்பதாகக் கத்துகிறார். ஒருவர் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி அவசரப்படுத்துகிறார். ஒருவர் மதிய உணவு கேட்கிறார். நான்காமவர் யாரையும் அழைக்கவில்லை. ஆனால் வேகமாக மூச்சு வாங்குகிறார், பேச்சு குழறுகிறது. முதலில் யாரிடம் செல்வீர்கள்?

நான்காமவரிடம்தான். மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்பதே கவனிக்க வேண்டிய வரிசை. ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே மூளை உயிரணுக்கள் இறக்கத் தொடங்கும். உரக்கக் கேட்பவரைவிட, கேட்கவே முடியாதவருக்கு ஆபத்து அதிகமாக இருக்கலாம்.

அமெரிக்காவின் ‘என்கிளெக்ஸ்’ உரிமத் தேர்வு 1994 முதல் கணினியில் நடைபெறுகிறது. சரியாக விடையளித்தால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். முடிவில் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சி உண்டா, இல்லையா என்பது மட்டுமே. “இவரை நம்பி ஒரு நோயாளியை ஒப்படைக்கலாமா?” என்பதற்குத்தானே விடை தேடுகிறார்கள்!

வகுப்பில் நான் “அலகு எங்கே? தசமப்புள்ளி எங்கே?” என்று கேட்டால் மாணவர்கள் சலித்துக்கொள்வார்கள். உங்கள் ஆசிரியரும் கேட்டால், அந்த 12 கிலோ குழந்தையை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.