அட்டையில் ஒரு சொல்

விஜயதசமியன்று பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவித்து ஏடு தொடக்கும் யாழ்ப்பாணத்தில், 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிப் பாலபாடங்களையும் இயற்றிய ஆறுமுக நாவலரின் நாட்டில், அட்சரத்திலிருந்து சொல்லுக்கு ஏறுவதே வாசிப்பின் மார்க்கமெனப் பலரும் கருதுவது இயல்பே. எழுத்துக்கள் 247 ஆயினும், பெரும்பாலும் எழுதியவாறே ஒலிக்கும் தமிழுக்கு அது பொருந்தும். ஆங்கிலத்துக்கோ அவ்வளவாகப் பொருந்தாது. ‘செட்’ என உச்சரிக்கும் சொல்லை எஸ், ஏ, ஐ, டி என்று எழுத்துக்கூட்டித் திகைப்பது பாலகனின் குற்றமன்று. இத்தகைய சொற்கள் பல இடம்பெற, கண்டமாத்திரத்தில் அறியவேண்டிய 220 சொற்களை அமெரிக்கரான எட்வர்ட் டோல்ச் 1936இல் தொகுத்தார்.

இத்தகைய சொற்களைப் பிள்ளைக்குப் பழக்கப் பெற்றோர் பழைய நாட்காட்டி மட்டையை வெட்டி, அட்டைக்கொரு சொல்லாகப் பெரிதாக எழுதி, நாளொன்றுக்கு நாலைந்துக்கு மேற்படாமல் காட்டி, பிள்ளை தயங்கினால் கோபியாமல் தாமே சொல்லிக்கொடுத்து, பழகியவற்றுடன் புதியனவற்றைக் கலந்து வந்தால் போதும். பரீட்சைபோல் நடத்தினால் அட்டையைக் கண்டதுமே பிள்ளை ஓடிவிடும். தமிழிலும் ‘ஆடு’, ‘பனை’ என்று எழுதிப் பொருளருகே வைத்துக் காட்டலாம். ‘கிணறு’ என்றெழுதிக் கிணற்றடியிலேயே கட்டிவிட்ட அம்மம்மா ஒருவரை அறிவேன். மாரிமழையில் மை கரைந்தபின்னும் பேரன் அந்த வெற்றட்டையைப் பார்த்துக் ‘கிணறு’ என்றே வாசித்துக்கொண்டிருந்தான்.