குளிரேற்றிக்கு நீர்க்குழாய் இணைத்தல்

1833ஆம் ஆண்டிலே பொஸ்டன் நகரத்து வணிகராகிய பிரெடரிக் தியூடர் என்பார், குளிர்காலத்தில் உறைந்த நீர்நிலைகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்துக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். ஏறத்தாழ நான்கு மாதப் பிரயாணத்தின் பின்னர், ஏற்றிய 180 தொன்னில் 100 தொன் அளவே உருகாது எஞ்சியது. அன்று செல்வர்க்கே கிட்டிய அப்பண்டம், இன்று சமையலறை மூலையில் நிற்கும் ஒரு பெட்டியினுள்ளே மனிதர் கை படாமலே உண்டாகின்றது. வழக்கிற் பிறிட்ஜ் எனப்படும் குளிரேற்றிகளுட் சில, தாமாகவே பனிக்கட்டியை ஆக்குவதோடு, கதவின் வெளிப்புறத்திலே குளிர்நீரும் வழங்குகின்றன. இத்தகையனவற்றுட் பலவற்றுக்கு மின்சாரம் மட்டும் போதாது. நீர்க்குழாய் ஒன்றும் வேண்டும். அக்குழாயைப் பொருத்துதல் சிறு வேலையே. ஆயினும் அதில் நேரும் பிழை, தரையை நனைப்பதோடு நில்லாது, குடிப்போரின் உடல்நலத்தையும் தாக்கவல்லது.

முதலில் இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை நோக்குவோம். குளிரேற்றியின் பின்புறத்தில், குழாய் வந்து சேருமிடத்தில், மின்சாரத்தினால் திறந்து மூடும் வால்வு ஒன்று உண்டு. பனிக்கட்டி அச்சு வெறுமையாக இருக்கும்போது இவ்வால்வு சில விநாடிகள் மட்டும் திறந்து, வேண்டிய அளவு நீரை உள்ளே விடுகின்றது. நீர் உறைந்ததும் கட்டிகள் அச்சிலிருந்து கழன்று கீழுள்ள பாத்திரத்தில் விழுகின்றன. பாத்திரம் நிறைந்தவுடன் இவ்வேலை தானே நின்றுவிடும். வால்வு எத்தனை விநாடி திறந்திருத்தல் வேண்டுமென்பது முன்னரே வகுக்கப்பட்டிருப்பதால், நீர் தக்க அமுக்கத்துடன் வருதல் இன்றியமையாதது. அமுக்கம் குறைந்தால் அச்சு நிரம்பாது. கட்டிகள் மெலிந்து சிறுத்திருக்கும். அன்றியும், வால்வு இறுக மூடிக்கொள்வதற்கும் நீரின் அமுக்கமே துணைசெய்கின்றது. அது போதாதவிடத்து நீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, உட்குழாயிலே உறைந்து, வழியை அடைத்துவிடும்.

பெரும்பாலான குளிரேற்றிகளுக்குச் சதுர அங்குலத்துக்கு 20 இறாத்தல் முதல் 120 இறாத்தல் வரையான அமுக்கம் வேண்டும் எனச் செய்வோர் குறிப்பிடுகின்றனர். சிலவற்றுக்கு இதனினும் கூடிய கீழெல்லை உண்டு. ஆதலின் உடன்வரும் கைந்நூலைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். நம் நாட்டு வீடுகளிற் பல, கூரைமேலுள்ள நீர்த்தாங்கியிலிருந்தே நீர் பெறுகின்றன. ஒரு மீற்றர் உயரமான நீர், சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 1.4 இறாத்தல் அமுக்கத்தைத் தரும். ஆகவே, குளிரேற்றியின் வால்வுக்கு மேலே 5 மீற்றர் உயரத்தில் தாங்கி இருக்குமாயின், கிடைப்பது 7 இறாத்தல் மட்டுமே. 20 இறாத்தல் வேண்டுமாயின் தாங்கி 14 மீற்றர், அதாவது 46 அடி உயரத்தில் இருத்தல் வேண்டும். மாடி வீட்டின் உச்சியிலே தாங்கியை வைத்தாலும் இவ்வுயரம் வாய்ப்பது அரிது. எனவே, இத்தகைய வீட்டில் அமுக்கத்தைக் கூட்டும் சிறு பம்பி ஒன்று பொருத்தாமற் குழாயை மாத்திரம் இணைப்பதனாற் பயனில்லை. நகரக் குழாய்நீர் நேரே வந்து சேரும் வீடுகளிலும் அமுக்கம் வேளைக்கு வேளை மாறுபடலாம். அமுக்கமானியொன்றைக் குழாயிற் பொருத்தி, காலையிலும் மாலையிலும் அளந்தறிதல் நன்று.

அமுக்கத்தினும் பெரிதாகக் கருதவேண்டியது நீரின் தூய்மையாகும். பனிக்கட்டியாக உறைந்துவிட்டாற் கிருமிகள் இறந்துபோம் என்று எண்ணுவோர் உளர். அது தவறு. பல கிருமிகள் உறைநிலையில் உறங்கிக் கிடந்து, கட்டி உருகியதும் மீண்டும் செயற்படத் தொடங்கும். கொதித்தாறிய நீரையே பருகும் வீட்டார், கொதிக்காத நீரினால் ஆன கட்டியைப் பானத்தில் இடுவாராயின், கொதிக்கவைத்த முயற்சி முழுவதும் வீணாகும். குளிரேற்றியினுள்ளே வடிகட்டி இருக்கின்றதே எனின், அதில் இருப்பது பெரும்பாலும் கரியேயாம். அது குளோரீன் மணத்தையும் மண்டியையும் நீக்கும். எல்லாக் கிருமிகளையும் அது தடுக்கும் என்று நம்பியிருத்தல் கூடாது.

யாழ்ப்பாணக் குடாநாட்டவர் இவ்விடயத்தில் மேலும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அங்குள்ள கிணற்றுநீர் சுண்ணாம்புக் கற்பாறையிலே தங்கி நிற்பது. அதனால் அது வன்னீராயிருக்கும். நாளடைவில் வால்வின் நுண்ணிய வழிகளிற் சுண்ணாம்பு படியும். தோட்டங்களுக்கு இடும் பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் வரும் நைத்திரேற்று, வெடிப்புகள் நிறைந்த அப்பாறையினூடே எளிதில் நிலத்தடி நீரைச் சென்றடைகின்றது. உலக சுகாதார நிறுவனம், குடிநீர் ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்று வரையறுத்துள்ளது. அளவு மிகுந்த நீரிற் கரைத்த புட்டிப்பாலை உண்ணும் கைக்குழந்தையின் குருதி, ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் வலுவை இழக்கும். குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். நைத்திரேற்றுக் கொதித்தலால் நீங்காது; கரி வடிகட்டியாலும் நீங்காது. ஆகவே கிணற்றுநீரை இணைக்க முன்னர் அதனைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். ஆர்.ஓ. எனப்படும் சுத்திகரிப்புக் கருவி நைத்திரேற்றைப் பெருமளவு குறைக்கும். ஆனால் அதிலிருந்து வெளிவரும் நீரின் அமுக்கம் தாழ்ந்திருக்குமாதலால், அதனையும் அளந்து பார்த்தே இணைத்தல் வேண்டும்.

இனி, இணைக்கும் முறையைப் பார்ப்போம். முதலிற் குளிரேற்றியின் மின்செருகியைக் கழற்றி, வீட்டின் பிரதான நீர்வாயிலை மூடுதல் வேண்டும். குளிர்நீர்க் குழாயொன்றை அறுத்து, டீ வடிவ இணைப்பொன்றைச் சேர்த்து, அதனருகே தனியாக மூடித் திறக்கும் வால்வொன்றை அமைத்தலே சிறந்தது. குழாயைக் கவ்விக்கொண்டு ஊசியினால் துளையிடும் மலிவான வால்வுகளும் உண்டு. அவற்றின் துளை சிறிதாதலால் விரைவில் அடைபடும். நாட்செல்லக் கசிதலும் கூடும். அங்கிருந்து குளிரேற்றி வரை கால் அங்குலக் குழாய் செல்லும். செப்புக் குழாய் உறுதியானது, ஆயினும் மடிந்தாற் கெடும். பிளாஸ்திக்குக் குழாய் எளிதில் வளையும், ஆனால் எலி கடிக்கும் இடத்துக்கு ஏற்றதன்று. எதுவாயினும் குடிநீருக்கென்று ஆக்கப்பட்டதாயும் புதியதாயும் இருத்தல் வேண்டும். பெட்டியை முன்னே இழுத்துத் துப்புரவு செய்வதற்காக, ஆறு அல்லது எட்டு அடிக் குழாயைச் சுருளாகப் பின்புறத்தில் விட்டுவைத்தல் நன்று. பித்தளை வளையத்துடன் கூடிய இணைப்புகளைக் கையால் முடுக்கியபின், சாவியினாற் சிறிதளவே இறுக்குதல் வேண்டும். அளவுக்கு மீறி முடுக்கினால் வளையம் நசுங்கிக் கசிவு உண்டாகும்.

குழாயைக் குளிரேற்றியுடன் பிணைக்க முன்னர், அதன் நுனியை ஒரு வாளியில் வைத்து நீரைத் திறந்துவிட்டு, அறுத்தபோது உண்டான துகள்களை வெளியேற்றுதல் அவசியம். பிணைத்தபின் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த தாளினால் ஒற்றிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத கசிவும் புலனாகும். சில மணி நேரங் கழித்து மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். இவற்றில் ஈரம் இல்லையென உறுதியான பின்னரே மின்சாரத்தைக் கொடுத்தல் தகும். முதல் நாளில் உண்டாகும் கட்டிகளைக் கொட்டிவிட வேண்டும். வடிகட்டியை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கொருமுறை மாற்றுதல் வேண்டும். மாற்றாது விட்ட வடிகட்டி தானே கிருமிகளின் இருப்பிடமாகும். வீட்டார் பல நாட்களுக்கு வெளியூர் செல்லும்போது, தனி வால்வை மூடிச் செல்லுதல் நன்று.

அமுக்கமும் நீரின் தூய்மையும் ஒருங்கே அமையாத வீட்டில் இக்குழாயை வற்புறுத்தி இணைத்தல் தேவையில்லை. கையால் நீர் ஊற்றும் சிறு தாங்கி கொண்ட குளிரேற்றிகளும் உள்ளன. கொதித்தாறிய நீரைத் தட்டில் ஊற்றி உறைய வைத்தாலும் நல்ல பனிக்கட்டி கிடைக்கும். நைத்திரேற்று மிகுந்த கிணறாயின், கொதிக்கவைத்தலும் தட்டில் உறைய வைத்தலும் அக்குறையை நீக்கா. ஆதலின் அவ்வீட்டுக் கைக்குழந்தைக்கு வேறு நல்ல நீர் தேடுதலே முதற் கடமையாகும்.