காட்டை வெட்டினால் போதுமா?

காட்டுக்குள்ளிருந்து போரிடுவோரைப் படைபலம் மட்டும் வீழ்த்துவதில்லை. 1943-இல் யூகோஸ்லாவியாவின் நெரத்வா ஆற்றங்கரையில் ஜெர்மானியர் வளைத்தும் டிட்டோவின் கெரில்லாப் படை தப்பியது. 1801-இல் சிவகங்கைச் சீமையை ஆண்ட மருது சகோதரர்களைப் பிடிக்க, கர்னல் அக்னியூவின் கும்பினிப் படை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை) வாரக்கணக்கில் காளையார்கோயில் காட்டை வெட்டிப் பாதை போட்டது, முடியாமல் பின்வாங்கியது. பிறகு மருதுக்களுக்குப் போட்டியாகப் படமாத்தூர் கௌரி வல்லப உடையத் தேவரைச் சிவகங்கை ஜமீன்தாராக அறிவித்தது. சீமை பிளவுபட்டது, அக்டோபர் 1-இல் காளையார்கோயில் வீழ்ந்தது.

பீரங்கிதானே வென்றது என்று கேட்கலாம். தோற்றுத் திரும்பியபோதும் கும்பினியாரிடம் பீரங்கி இருந்ததே! கும்பினியாரை எதிர்த்து, 1805-இல் சேலம் மாவட்டச் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையும் காட்டிக்கொடுக்கப்பட்டே பிடிபட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அடர்ந்த காட்டைவிட வலிய அரண், மக்களின் ஒற்றுமையே.